சங்கம் கட்டியவருக்கு ஓட்டு

திருநெல்வேலிச் சீமையில் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபைக்காரர் வீட்டில் பிறந்தால் நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று மூன்று தேர்தலோடு விஷயம் முடியாது. நாலாவதாக, பேராயர் (பிஷப்) ஒருவரின் வட்டாரமான திருமண்டலத்துக்கு ஒரு தேர்தல் உண்டு. அதற்கு அணிகள் உண்டு, அணிகளுக்கு வண்ண நோட்டீஸ் உண்டு, சென்னையிலும் கோவையிலும் வேலை பார்ப்பவர்களை ஊருக்கு அள்ளிவர வேன் உண்டு, வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போன தகராறு உண்டு. சில ஊர்களில் கோயில் வாசலில் போலீசும் உண்டு.

என்னோடு வேலை பார்க்கும் இந்து நண்பர்கள் இதை நம்புவதில்லை. "உங்க பாதருக்கெல்லாம் மேலிடத்துல இருந்துதானே ஆர்டர் வரும்?" என்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது கத்தோலிக்கத் திருச்சபை. அவர்கள் சொல்வது அங்கே ஓரளவு சரி. ஒரு மறைமாவட்டத்துக்கு ஆயரை நியமிப்பது திருத்தந்தை. ஊரில் பங்குப் பேரவை என்று ஒன்று இருக்கும், பொதுமக்கள் உட்கார்ந்து பேசுவார்கள். ஆனால் திருச்சபைச் சட்டம் அதற்குக் கொடுத்திருப்பது ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. கடைசி வார்த்தை பங்குத்தந்தையுடையது. உலகமே தொலைக்காட்சியில் பார்க்கும் தேர்தல் ஒன்றே ஒன்று. 2025 மே மாதம் 133 கர்தினால்கள் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் அடைபட்டு, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு ஒருவருக்கு விழும்வரை சீட்டு எழுதி, இரண்டாம் நாளே பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்தார்களே, அது.

பல பெந்தெகொஸ்தே சபைகளில் தேர்தல் முடிந்ததைச் சொல்லும் அந்த வெண்புகையும் கிடையாது. பாஸ்டர் தொடங்கிய சபை, பாஸ்டர் பெயரில் டிரஸ்ட், பாஸ்டருக்குப் பிறகு பெரும்பாலும் மகன். நிலப் பத்திரத்தைப் பார்த்தால் சபையின் ஆட்சிமுறை முழுக்கத் தெரிந்துவிடும்.

எங்களுடையது இரண்டிலும் சேராது. ஊர்ச் சபைகள் சில சேர்ந்தால் சேகரம். சேகரங்கள் சேர்ந்தால் திருமண்டலம். யாழ்ப்பாணத்தையும் சேர்த்து 24 திருமண்டலங்கள் சேர்ந்தது சினாடு என்ற தலைமை மன்றம். ஒவ்வொரு படியிலும் கமிட்டி, ஒவ்வொரு கமிட்டிக்கும் தேர்தல். ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, திருவிருந்தில் பங்குகொண்டு, சங்கக் காணிக்கை பாக்கி வைக்காதவருக்கு ஓட்டு. சங்கம் என்பது குடும்பம் மாதாமாதம் சபைக்குக் கட்டும் காணிக்கை. அப்பா அந்த ரசீதுகளை ரேஷன் கார்டோடு ஒரே பையில் வைத்திருந்தார். தேர்தல் நெருங்கும்போது, பாக்கிக்காரர்களின் சங்கத்தை வேட்பாளரே கட்டித் தீர்க்கும் கைங்கரியத்தைப் பற்றி எங்கள் பக்கம் கேள்விப்படாதவர் இல்லை.

சேகரங்களிலிருந்து போகும் பிரதிநிதிகள் திருமண்டலப் பெருமன்றத்தில் உட்காருவார்கள். ஊரில் அவர்களுக்கு டி.சி. (டயோசிசன் கவுன்சில்) மெம்பர் என்று பெயர். பெருமன்றத்துக்குப் பேராயர்தான் தலைவர். ஆனால் அதற்குக் கீழே உபதலைவர், குருத்துவச் செயலர், குருமார் அல்லாதவரான லே செயலர், பொருளாளர் எல்லாரும் ஓட்டு வாங்கி வருகிறவர்கள். பேராயரும் வானத்திலிருந்து இறங்குவதில்லை. பெருமன்றம் ஓட்டுப் போட்டு ஒரு பெயர்ப் பட்டியலை அனுப்பும், அதிலிருந்து ஒருவரைச் சினாடு தேர்ந்தெடுக்கும். அவர் ஓய்வு பெற்று அடுத்தவர் வரும்வரை சினாடின் தலைவரான மாடரேட்டரின் பிரதிநிதியாக, கமிசரி என்று ஒருவர் வந்து நாற்காலியில் இருப்பார். குடியரசுத் தலைவர் ஆட்சி என்று கிண்டல் செய்வார்கள்.

இந்த ஏற்பாட்டை யாரும் ஒரே இரவில் உட்கார்ந்து எழுதவில்லை. எழுத 28 ஆண்டுகள் பிடித்தன. அதற்கு முன்னால் நூறு ஆண்டு காலம் சண்டை நடந்திருக்கிறது. அந்தச் சண்டையின் முதல் பெரிய அத்தியாயம் எங்கள் பாளையங்கோட்டையில்தான்.

ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி. லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர். சம்பளம் கொடுத்தது ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த, மிஷனரி சங்கமான சி.எம்.எஸ். தமிழை ஆழக் கற்றார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார், இலக்கணம் எழுதினார், ஊர் ஊராகச் சபை நாட்டினார். சபைகள் பெருகப் பெருக, குருமார் போதவில்லை. தன்னிடம் பயின்ற உபதேசிமாருக்கு, அதாவது குருப்பட்டம் இல்லாத ஊழியருக்கு, தானே பட்டம் கொடுக்கலாம், தன் மரபில் அது முறைதான் என்றார். சி.எம்.எஸ். மறுத்தது: ஆங்கிலிக்கன் சபையில் பேராயர் கைவைத்துப் பட்டம் கொடுத்தால்தான் குரு. அன்றைக்கு மதராசுக்கு என்று பேராயரே கிடையாது, கல்கத்தாவில்தான் இருந்தார். ரேனியஸ் பேசாமல் இருந்திருக்கலாம்; மாறாக ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பையே விமர்சித்து ஒரு சிறு நூலையும் வெளியிட்டார். 1835இல் அவரை நீக்கினார்கள். மதராசுக்கு முதல் பேராயர் நியமனமானதும் அதே ஆண்டுதான். ரேனியஸ் ஊரை விட்டுப் போய், ஜனங்கள் கூப்பிட்டுத் திரும்பி வந்தார். சபைகள் இரண்டாகப் பிளந்தன. 1838இல் அவர் இறந்தார், பிறகு பிளவு மெல்ல ஒட்டியது.

யார் கை வைத்தால் குரு? இந்தக் கேள்விதான் அடுத்த நூறு ஆண்டுக்கும் மையம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது சடங்குச் சண்டையாகத் தெரியும். உள்ளே இருக்கிறவருக்குத் தெரியும், இது அதிகாரச் சண்டை. பட்டம் கொடுப்பவர் கையில் இடமாற்றமும் இருக்கும், சம்பளமும் இருக்கும். 1857இல் நாசரேத் பக்கம் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம், வெள்ளைக்காரர் ஆளுகையே வேண்டாம் என்று ஆட்களோடு பிரிந்து பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டு, சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரிக்கத் தொடங்கியபோது, பட்டம் யார் கொடுத்தது என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. நான் வாக்கப்பட்டது கன்னியாகுமரித் திருமண்டலத்தில். பிராட்டஸ்டண்டுகளில் அங்கே முதலில் வந்தது லண்டன் மிஷனரி சங்கம். மயிலாடியில் 1809இல் கோயில் கட்டிய ரிங்கல்தௌபேயும் வேதமாணிக்கமும் அந்த வழி. இந்தச் சங்கம் 1796இல் தனக்கென்று ஒரு அடிப்படைக் கொள்கை வைத்துக்கொண்டது: மூப்பர் மன்றங்கள் ஆளும் பிரஸ்பிட்டேரியன் முறை, சுயாதீன சபை, பேராயர் ஆட்சி என்று எந்த ஆட்சிமுறையையும் நாங்கள் அனுப்ப மாட்டோம், சுவிசேஷத்தை மட்டும் அனுப்புவோம், விசுவாசிகளாகிறவர்கள் தங்களுக்குச் சரியென்று தோன்றும் முறையைத் தாங்களே தேர்ந்துகொள்ளட்டும். எழுத்தில் படிக்க அழகான கொள்கை. நடைமுறையில் மிஷனரி வைத்ததே சட்டமாக இருந்த காலமும் உண்டு. இருந்தாலும் அந்தக் கொள்கை ஊருக்குள் ஊறிவிட்டது. சபை என்றால் ஊர்ச் சபைதான், மேலே இருப்பதெல்லாம் வசதிக்காக நாம் வைத்துக்கொண்டது என்ற எண்ணம் என் கணவர் வீட்டாருக்கு இன்றும் உண்டு. என் பிறந்த வீட்டில் அப்படி இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் அப்பா எழுந்து நின்று வாசிப்பார்.

மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும், ஊர்ச் சபையே தன்னை ஆளும் முறையுள்ள அமெரிக்கக் காங்கிரிகேஷனல் மிஷன். சென்னையிலும் செங்கல்பட்டுப் பக்கமும் ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன்கள். அங்கங்கே வெஸ்லியன் மெதடிஸ்டுகள். இத்தனை பேரும் ஒரே சபையாக வேண்டும் என்று 1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஒரு சிறு கூட்டம் கூடியது. பெரும்பாலும் இந்தியக் குருமார். அதன் முன்னணியில் நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளையில் பிறந்தவர், தோர்ணக்கல் பேராயர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. வேதத்தில் மூன்று அம்சம் காண்கிறோம் என்கிறது அது. சபையார் ஒவ்வொருவருக்கும் கடவுளிடம் நேரே நெருங்கும் உரிமை இருப்பதால் முழுச் சபையும் கூடிப் பேசுவது ஒன்று. தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் மன்றங்களில் கூடி முடிவெடுப்பது இன்னொன்று. நிறைவேற்றி நடத்தும் பேராயர் ஊழியம் மூன்றாவது. மூன்றும் வேண்டும், எதையும் விட வேண்டாம் என்றார்கள்.

28 ஆண்டுகள் பேசினார்கள். பெரிய முட்டுக்கட்டை பழைய ரேனியஸ் முட்டுக்கட்டைதான். பேராயர் கைவைக்காமல் பட்டம் பெற்ற நூற்றுக்கணக்கான குருமாரை என்ன செய்வது? மறுபடி பட்டம் கொடுத்தால் அவர்கள் இத்தனை நாள் கொடுத்த திருவிருந்து பொய் என்று ஆகிவிடும். கடைசியில் வந்த வழி இது: இருப்பவர்கள் இருக்கிறபடியே குருமார்; இனிமேல் வரும் பட்டமெல்லாம் பேராயர் கையால்; முதல் 30 ஆண்டு இரண்டு வகையும் சேர்ந்தே ஊழியம் செய்யட்டும். கூடவே ஒரு வாக்குறுதி, எந்தச் சபைக்கும் அது பழகாத ஆராதனையையோ ஊழியத்தையோ திணிக்க மாட்டோம் என்று. இங்கிலாந்தில் இதற்குப் பலத்த எதிர்ப்பு. கவிஞர் டி. எஸ். எலியட்கூட உட்கார்ந்து இந்தத் திட்டத்துக்கு எதிராக ஒரு பிரசுரம் எழுதினார். எங்கள் ஊர் உபதேசியார் சிக்கலுக்கு அவருக்கு என்ன வந்தது என்று எனக்கு இப்போதும் சிரிப்பு.

1947 செப்டம்பர் 27, சென்னை தூய ஜார்ஜ் பேராலயம். பழைய ஆங்கிலிக்கன் பேராயர்களோடு புதிதாக ஒன்பது பேருக்கு அன்று அபிஷேகம். ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் சபை மிஷனரியான லெஸ்லி நியூபிகின், காங்கிரிகேஷனல் மதுரைக்குப் பேராயர் ஆனார்; வயது 37. பேராயர் என்ற பதவியையே அறியாத யாழ்ப்பாணத்துக்கு சபாபதி குலேந்திரன். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி முதல் தேதியே இறந்துபோனார்.

எல்லாரும் வரவும் இல்லை. ஆந்திராவில் நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன்கள், குருப்பட்டத்தின் தூய்மை கெட்டுவிடும் என்று வெளியே நின்றார்கள். 1970களில்தான் உள்ளே வந்தார்கள். அதே நந்தியாலுக்குத்தான் 2013இல் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா பதவியேற்றார். வரலாறு சில நேரம் நன்றாகவே வேடிக்கை காட்டும்.

இவ்வளவு பின்கதை எதற்கு என்றால், 1947இல் எழுதியவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்று காட்டத்தான். அவர்கள் பயந்தது பேராயரைக் கண்டு. ஆங்கிலிக்கன் அல்லாத எல்லாருக்கும், கோலும் மகுடமுமாக ஒரு ராஜா வந்துவிடுவாரோ என்ற அச்சம். அதனால் பேராயர் உண்டு, ஆனால் சட்டதிட்டத்துக்கு உட்பட்ட பேராயர் என்று எழுதினார்கள். அவரைச் சுற்றி மன்றம், செயற்குழு, செயலர், பொருளாளர் என்று வேலி போட்டார்கள். அந்த வேலியே ஒருநாள் நிலத்தைக் கேட்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை. தரங்கம்பாடி அறிக்கையின் மூன்று அம்சத்தில் நடுவிலுள்ளது, அதாவது தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் மன்றம், மற்ற இரண்டையும் தின்று கொழுத்துவிட்டது என்பதுதான் என் எண்ணம். பேராயரும் அதன் தயவில் இருக்கிறார். சபையார் முழுவதும் கூடிப் பேசுவது என்ற முதல் அம்சமோ ஆண்டுக்கு ஒருநாள், ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால், அரைமணி நேரச் சம்பிரதாயம்.

ஏன் இப்படி ஆனது? ஜெபம் குறைந்துவிட்டது, பக்தி போய்விட்டது என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. காரணம் பள்ளிக்கூடம்.

பாளையங்கோட்டையில் நடந்து பார்த்தால் தெரியும். தூய யோவான் கல்லூரி, சாரா டக்கர் கல்லூரி, பார்வையற்றோர் பள்ளி, காதுகேளாதோர் பள்ளி, மேல்நிலைப் பள்ளிகள். கிராமங்களுக்குள் போனால் கோயிலுக்குப் பக்கத்தில் திருமண்டலத் தொடக்கப் பள்ளி. இவற்றில் பல அரசு உதவி பெறுபவை. சம்பளம் கொடுப்பது அரசாங்கம். ஆளை நியமிப்பது நிர்வாகம், அதாவது திருமண்டலம். அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கொடுத்த உரிமை அது, அதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பாட்டிமார் படித்து ஆசிரியையானது அந்தப் பள்ளிகளால்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு அரசுச் சம்பளப் பணியிடம் ஒரு குடும்பத்தை ஒரு தலைமுறைக்குத் தூக்கி நிறுத்தும். அந்தப் பணியிடத்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் மேசையில் உட்காருகிறவர்கள், சங்கம் கட்டியவர்களின் ஓட்டில் வந்தவர்கள். அந்த மேசைக்குப் போக ஒரு அணி வேண்டும். அணிக்குச் செலவு வேண்டும். செலவு செய்தவர் எடுக்க வேண்டும். எங்கள் உறவில் ஒரு பெண் பி.எட். முடித்து நேர்முகத்துக்குப் போனபோது, மார்க் என்ன என்று கேட்கும் முன் "உங்க சேகரத்துல டி.சி. யாரு?" என்று கேட்டார்கள். அவள் இப்போது திருப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறாள்.

அணி என்றால் சாதிக் கணக்கும் உள்ளே வந்துவிடும். மறைக்க ஒன்றுமில்லை. எந்தத் திருமண்டலத்தில் எந்தச் சாதி பெரும்பான்மையோ அதன் உட்பிரிவுகள் அணிகளாகும். சிறுபான்மையாக இருக்கும் தலித் சபைகளின் ஓட்டுத் தேவைப்படும், அவர்களின் பெயர் பட்டியலின் தலைப்பில் வருவது அரிது. "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று" என்று சபைமண்டபச் சுவரில் எழுதியிருக்கும் அந்த இடத்தில்தான் ஓட்டு எண்ணுவார்கள்.

இன்னொன்று நிலம். ஊர் ஜனம் கல் சுமந்து கட்டிய கோயிலும் அதன் மனையும் சட்டப்படி ஊர்ச் சபையின் பெயரில் பொதுவாக இருப்பதில்லை. 1947இல் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் என்ற அமைப்பின் பெயரில் இருக்கும். பதிவு நோக்கம் நல்லது. ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதி விற்றுவிடாமல் காப்பாற்றும். அதற்கு மறுபக்கம், விற்கலாம் என்று மேலே முடிவானால் ஊர்க்காரருக்குத் தகவல் போஸ்டரில்தான் தெரியும்.

இப்படி மதிப்புள்ள பதவிகள் இருக்கும் இடத்தில் வழக்கு வராமல் இருக்குமா? வழக்குகள் திருமண்டலங்களைத் தாண்டி உச்சி வரைக்கும் போயின. பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70 ஆக்கிய திருத்தத்தைத் திருமண்டலங்கள் முறையாக ஏற்றனவா, சினாடு தேர்தல் செல்லுமா என்ற வழக்கில் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைச் சினாடுக்கு நிர்வாகிகளாக நியமித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 28 ஆண்டு இறையியல் பேசி உருவாக்கிய சட்டதிட்டத்துக்குப் பொருள் சொல்லும் வேலை கடைசியில் நீதிபதிகளிடம் வந்து சேர்ந்தது. இதில் ஒரு விசித்திரம் கவனித்தேன். நாங்கள் இப்படிச் சலித்துக் கிடக்கும் நேரத்தில், 2021 முதல் 2024 வரை கத்தோலிக்கத் திருச்சபை கூட்டொருங்கியக்கம், அதாவது எல்லாரும் சேர்ந்து நடப்பது, என்று ஒரு பெரிய முயற்சி நடத்தியது. பங்கு மக்களின் கருத்தைக் கேட்டார்கள். 2023 அக்டோபரில் ரோமில் கூடிய மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக ஓட்டுப் போட்டார்கள். எங்களிடம் இருப்பதை அவர்கள் ஆசையாகப் பார்க்கிறார்கள். என் கத்தோலிக்கத் தோழி கேட்டாள், "உங்களுக்கு எல்லாத்துக்கும் ஓட்டு இருக்கே, நல்லாத்தானே இருக்கும்?" நான் பதில் சொல்லாமல் காபியைக் குடித்தேன்.

ஓட்டு இல்லாமல் முடிவெடுக்க முடியாதா? முடியும், பார்த்திருக்கிறேன். என் கணவரின் ஊர்ச் சபையில் ஓடு வேய்ந்த பழைய கோயிலை இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் பெரிதாகக் கட்டலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. குமரி மாவட்டத்தில் சாலையோரம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே எந்தக் கோயிலையும் பத்திருபது ஆண்டுக்கு மேல் இருந்தபடி இருக்க விடமாட்டார்கள். சபைக் கூட்டம் ஞாயிறு மாலை கூடியது. போதகர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து ஜெபம் செய்துவிட்டு வாயே திறக்கவில்லை. வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வரைபடமே வைத்திருந்தார்கள். எதிர்த்தவர்கள் கடனைப் பற்றிப் பேசினார்கள். இருட்டிவிட்டது. பின்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்து, "கட்டணும்னா கட்டுங்க மக்களே, வேண்டாம்னு சொல்லல. எனக்க காலத்துக்குப் பொறவு கட்டுங்க. எனக்க மாப்பிளய எடுத்தது இந்தக் கோயில்ல இருந்துதான், என்னயும் இதுல இருந்தே எடுங்க" என்றார். சிரித்தார்கள். ஆனால் அன்று முடிவெடுக்கவில்லை. மறுமாதமும் கூடினார்கள், அதற்கடுத்த மாதமும் கூடினார்கள். கடைசியில் யாரோ ஒருவர் பக்கத்து மனையைப் பற்றிப் பேச்செடுக்க, பழையதை ஓய்வுநாள் பாடசாலைக்கு வைத்துக்கொண்டு புதியதைப் பக்கத்தில் சிறிதாகக் கட்டுவது என்று ஆனது. கைதூக்கச் சொல்லவில்லை, எண்ணவில்லை. வளைகுடாக்காரர் ஒருவருக்கு மட்டும் வருத்தம். அவரும் சிமெண்டுக்குப் பணம் கொடுத்தார்.

எருசலேமில் முதல் சபைச் சங்கம் கூடி, யூதரல்லாத புறஜாதியாருக்கு விருத்தசேதனம் வேண்டுமா என்ற சண்டையை முடித்தபோது எழுதிய கடிதத்தில் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று ஒரு வரி வரும். எத்தனைக்கு எத்தனை ஓட்டு என்று அதில் இல்லை. அந்தக் கூட்டம் இப்படித்தான் இழுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் குமரிமுறையைப் பொன்னாக்கிக் காட்டவும் எனக்கு மனமில்லை. அந்தச் சபைக் கூட்டத்தில் யார் பேசினால் எடுபடும் என்பது குடும்பப் பெயரைப் பொறுத்தது. கடன் வாங்கிய வீட்டுக்காரர் கடன் கொடுத்தவரை எதிர்த்துப் பேச மாட்டார். அந்த அம்மா பேசியது எடுபட்டதற்கு அவர் யாருடைய தாய் என்பதும் ஒரு காரணம். ஓட்டுச் சீட்டில் இந்தக் கூச்சம் இல்லை. திருநெல்வேலித் தேர்தலில் கூலி வேலைக்குப் போகும் பெண்ணின் ஓட்டும் டாக்டரின் ஓட்டும் ஒன்றுதான், அதற்காகவே அவள் வீட்டு வாசலில் டாக்டர் வந்து நிற்கிறார். அதை லேசாகத் தள்ள முடியாது. பெண்கள் குருவாகலாம் என்று 1970களிலேயே முடிவெடுத்து 1976இல் முதல் பெண் குருவுக்குப் பட்டம் கொடுத்ததும் இந்த மன்றங்களின் சபைதான். ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கேட்டிருந்தால் இன்றும் பேசிக்கொண்டிருப்போம்.

பேச்சும் வேண்டாம், ஓட்டும் வேண்டாம் என்றால் மூன்றாவது ஒரு வழி இருக்கிறது: சீட்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தது சீட்டுப் போட்டுத்தான். எகிப்தின் காப்டிக் சபை இன்றும் அதை விடவில்லை. முதலில் ஓட்டெடுத்து மூன்று பேராகக் குறைப்பார்கள். பிறகு மூன்று பெயரையும் ஒரு பாத்திரத்தில் வைத்து, கண்ணைக் கட்டிய ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். 2012 நவம்பரில் கெய்ரோவில் அப்படித்தான் இரண்டாம் தவத்ரோஸ் பாப்பரசரானார். முதன்முறை அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் அதே ஏற்பாடு: ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பது. நம் ஆட்கள் இதைப் பெருமையாகச் சொல்லும்போது அது பிராமணர்களின் ஊர்ச் சபை என்பதையும், பெண்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் விட்டுவிடுவார்கள். எனக்கு அதில் பிடித்தது குடமோ ஓலையோ இல்லை, யார் பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்ற பட்டியல். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில், அதாவது நிர்வாகக் குழுவில், இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்கள்கூடக் கூடாது.

எங்கள் திருமண்டலங்களின் சட்டதிட்டப் புத்தகம் தடிமனானது. அதில் இந்தக் கடைசி விதியைப் போல ஒன்றை உண்மையாக நடத்தினால் பாதி அணி தன்னால் கலைந்துவிடும் என்பது என் தாழ்மையான கருத்து. நியமனங்களைத் தேர்தலில் வந்தவர்கள் கையிலிருந்து எடுத்து மதிப்பெண் வரிசையில் விட்டுவிட்டால் மீதிப் பாதியும் கலையும். அதற்குப் பிறகு ஓட்டுக் கேட்டு யாராவது வீட்டுக்கு வந்தால் அவர் உண்மையாகவே ஊழியத்துக்கு வருகிறார் என்று நம்பி உட்காரச் சொல்லலாம்.

இதைச் சொல்ல எனக்குக் கிடைத்த மேடை சின்னது. போன ஆண்டுக் கூட்டத்தில் கணவரின் சபையில் எழுந்து ஒரு தீர்மானம் கொடுத்தேன்: தணிக்கை முடிந்து கணக்கு வாசிக்கப்படாத எந்தக் குழுவில் இருந்தவரும், கணக்கு வாசிக்கும்வரை அடுத்த தேர்தலுக்கு நிற்கக்கூடாது. ஒரு பெரியவர் எழுந்தார். "மக்களே, இது வேதத்துல எங்க இருக்குன்னு சொல்லணும்லா." பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம், எட்டாம் அதிகாரம், இருபதாம் வசனம் என்றேன், தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றம் சொல்லாதபடி எச்சரிக்கையாக இருந்தோம் என்று வரும் இடம். உத்திரமேரூரைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கூட்டம் வேறு பக்கம் போயிருக்கும். அவர் அங்கேயே வேதத்தைத் திறந்து வாசித்தார், தலையாட்டினார், உட்கார்ந்தார். வழிமொழிந்தது என் கொழுந்தனார். அவர் எந்தக் குழுவிலும் இல்லாதவர். போதகர் இரண்டு பக்கமும் பார்த்தார். "நல்ல காரியம், ஜெபத்தில் வைப்போம்" என்றார். மினிட்டில், அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினார்கள். அடுத்த பொருள், சபை நாள் விழாவுக்கு மைக்செட் யாருக்குக் கொடுப்பது என்பது. அதற்கு ஒரு மணிநேரம் பேசினோம், நானும்தான்.